நாற்பத்தேழு கிலோ

மூன்று மூங்கில், கொஞ்சம் பட்டு,
சைக்கிள் சக்கரம் இரண்டு,
உட்கார ஒரு துணிப்பட்டை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில்
பாரீஸ் பக்கம் இதில் பறந்தார்களாம்.
வரைபடத்தைத் தையல் மிஷின் மேல் விரித்து
சாதிக் ராவுத்தர் கேட்டது ஒன்றுதான்:
"அக்கா, இறக்கைக்கு எத்தனை மீட்டர் ஆகும்?"

கொழிஞ்சாம்பாறையில் பள்ளிக்கூடத்துக்கு
நீலப் பாவாடை தைக்கிற கை இது.
பறப்பதற்குக் கூலி என்னவென்று
யாரைப் போய்க் கேட்பது?
ஜாக்கெட் கணக்கில் சொன்னேன்.

மூங்கில் அட்டப்பாடியிலிருந்து.
சிலிண்டர் இரண்டும் கோயமுத்தூரில்
பம்ப் வார்க்கிற பட்டறையில்.
எந்தக் கிணற்றுக்கு என்று கேட்டாராம் கடைசல்காரர்.
சசீந்திரன் மேலே கைகாட்டினானாம்.

பட்டு விறைக்க மருந்து பூசினோம்.
தெரு முழுக்க நகப்பாலிஷ் நாற்றம்.
மூன்றாம் ராத்திரி எக்ஸைஸ் ஜீப் வந்தது;
வேலந்தாவளம் வழியாக ஸ்பிரிட் கடத்துகிறோம் என்று
எவனோ போன் போட்டிருக்கிறான்.
கேனைத் தேடி வந்த டார்ச் வெளிச்சம்
இறக்கை மேல் ஏறி
அங்கேயே நின்றுவிட்டது.
"இது எந்தா?"
"இறக்கை, சார்."
ரிப்போர்ட்டில் என்ன எழுதுவதென்று
அரைமணி நேரம் யோசித்து
கட்டஞ்சாயா குடித்துவிட்டுப் போனார்கள்.
அதில் சின்னவர் மட்டும் மறுநாள் மப்டியில் வந்து
விலாக்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஓட்டுகிறவர் முதுகில் ஒரு கம்பி உண்டு இதற்கு.
சட்டையின் பின்னால் தைத்த உறையில் செருகினால்
ஆள் சாய இறக்கை முறுகும்.
உறையை நாலு தடவை அடித்துத் தைத்தேன்,
சாதிக்கின் அளவில், மார்பு நாற்பத்திரண்டு.

பங்குனி விடியல்.
கணவாய்க் காற்று தூங்குகிற ஒரு மணி நேரம்.
கடலை பிடுங்கிய காட்டில் சாதிக் ஓட்டினார்.
ஓட்டினார், ஓட்டினார்,
வேலி வந்துவிட்டது.
சக்கரத்துக்கு அடியில் ஒரு கீற்று வெளிச்சம் இல்லை.
சசீந்திரனும் ஏறினான். அதே கதை.

அப்புறம்தான் படித்தார்கள்,
வரைபடத்தின் மூலையில், பொடி எழுத்தில்:
பறந்தவரின் எடை ஐம்பது கிலோ.

தேங்காய்க் களத்துத் தராசில்
எல்லாரும் ஏறினார்கள்.
எண்பத்தொன்று. எழுபத்துநான்கு.
என் பக்கம் யாரும் திரும்பவில்லை.
திரும்பாமல் இருந்த விதத்திலேயே
எனக்கு விளங்கிவிட்டது.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
முள் நாற்பத்தேழில் ஆடி நின்றது.

ஒரு வாரம் தரையில் உருட்டிப் பழகினேன்.
சட்டையைப் பக்கத்துக்கு மூன்று அங்குலம் பிடித்தேன்.
வீட்டில் மூச்சு விடவில்லை.
என் வீட்டுக்காரர் கள் இறக்குகிறவர்,
ஒரு நாளைக்கு இருபது தென்னை.
உயரத்தைப் பற்றி அவரிடம் புதிதாக
என்ன சொல்லிவிட முடியும்?

ஒரு கட்டத்தில் சத்தம் குறைந்தது.
எஞ்சின் இரைச்சல் அப்படியே இருந்தது,
மண்கட்டிகளின் சத்தம்தான் நின்றிருந்தது.
சக்கரம் எதன் மேலும் இல்லாமல்
சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
ஓராள் உயரம் இருக்கும். அதற்கு மேல் சொன்னால் பொய்.
கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம், காற்றாலைகள்
கையை விரித்தபடி நின்றிருந்தன.
மாதாவே என்று வாயில் வரவில்லை.
இடது இறக்கை, நான்காவது விலா,
கரண்ட் போன ராத்திரி
தையலை அகலமாக ஓட்டிவிட்டு
பிரிக்கச் சோம்பல்பட்டு விட்டேனே,
அதுதான் ஞாபகம் வந்தது.
வலப்பக்கம் சாய்ந்தேன்.
தலைக்கு மேல் பட்டு முனகியது.

நூற்றுப்பத்து மீட்டர்.
சசீந்திரன் டேப் பிடித்து அளந்தான்,
நம்பாமல் இன்னொரு தடவை.
சாதிக் சட்டையைக் கழற்ற உதவினார்,
கம்பியை உருவ மறந்துபோய்.

ராத்திரி சோறு போடும்போது
தட்டைப் பார்த்தபடி அவர் சொன்னார்:
"காலைல கடைசி மரத்து உச்சில இருந்தேன்.
வெள்ளையா ஒண்ணு எனக்குக் கீழ போச்சு.
இந்தப் பக்கம் ஓரிடத்துல சுருக்கம் விழுந்திருக்கு."
இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

தெரியும், என்றேன்.
பிரிச்சுத்தான் தைக்கணும்.